ஐஸ் ஹாக்கிக்கு உப்புப் போட்ட கதை

படித்தவர்களிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. சுத்தமாகத் தெரியாத விஷயமென்றால் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். அரைகுறையாகத் தெரிந்த விஷயமென்றால் மைக்கைப் பிடித்துவிடுவோம். நான் எம்.எஸ்சி. வேதியியல். சிப்காட்டில் ஒரு சாயக் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் வேலை. ஊரே கூடியிருந்த இடத்தில் மைக்கைப் பிடித்து, வேதியியலின் பெயரால் ஒரு லோடு ஐஸைத் தண்ணீராக்கிய பெருமை எனக்கு உண்டு. (கடலூர் மாவட்டத்தில் வேறு யாருக்கும் இந்தப் பெருமை இல்லை. விசாரித்துவிட்டேன்.)

அந்தக் கதைக்கு முன்னால் எங்கள் லீக்கின் வரலாற்றைச் சொல்லியாக வேண்டும். கடலூர் முதுநகரில் எங்கள் வீட்டுக்கு எதிர்வீடு ஆரோக்கியராஜ் அண்ணன். வளைகுடா நாட்டில் ஒரு பெரிய மாலில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டு ஊருக்கு வந்தவர். அந்த மாலுக்குள் ஐஸ் மைதானம் இருந்ததாம். அண்ணனுக்கு அங்கே வாடகை ஷூவுக்கு மருந்தடிக்கும் வேலை. கவுன்டருக்குப் பின்னால் நின்றபடியே ஐஸ் ஹாக்கியின் சட்டதிட்டம் எல்லாவற்றையும் பார்த்துக் கற்றுக்கொண்டார். திரும்பி வரும்போது எல்லோரும் தங்கமும் சென்ட்டும் கொண்டுவருவார்கள். இவர் வளைந்த மட்டைகளும் ஒரு கறுப்பு ரப்பர் வட்டும் கொண்டுவந்தார். அவர் வீட்டில் அன்று சமைக்கவில்லை என்று கேள்வி.

ஐஸுக்கு எங்கே போவது? சக்கரம் வைத்த ஷூவை மாட்டிக்கொண்டு சிமென்ட் தரையில் ஆட ஆரம்பித்தோம். முதலில் ஓர் அணிதான் இருந்தது. எதிரணி வேண்டுமே என்று அதை இரண்டாகப் பிளந்தோம். பிறகு சிப்காட் ஆட்கள் சேர்ந்து மூன்றாவது அணி பிறந்தது. ஆட வருகிறவர்களுக்கு பஸ் சார்ஜும் பரோட்டாவும் கொடுத்தோம். ஆகவே நாங்கள் தொழில்முறை லீக். ஜெயிக்கிறவர்களுக்கு எவர்சில்வர் குடம். அதில் ரோஸ்மில்க் ஊற்றி அணி முழுக்கக் குடிக்கலாம். நான் கோல்கீப்பர் கம் செயலாளர். 'கடலூர் ஐஸ் ஹாக்கி லீக்' என்று பேனர் அடித்தது நான்தான். ஐஸ் என்ற சொல் பேனரில் எடுப்பாக இருந்தது. அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை.

நாங்கள் ஆடிக்கொண்டிருந்தது மூடிக்கிடந்த ஒரு கம்பெனியின் சிமென்ட் தளத்தில். ஒருநாள் அதை யாரோ வாங்கிக் கேட்டைப் பூட்டிவிட்டார்கள். ஒரே நாளில் நடுத்தெருவுக்கு வந்தோம். (ரோட்டிலும் ஆடிப் பார்த்தோம். மாட்டு வண்டிக்காரர் ஒருவர் வட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார், கெஞ்சித் திரும்ப வாங்கினோம்.) வேறு மைதானம் கிடைக்கவில்லையென்றால் லீக் அதோடு முடிந்தது. ஆரோக்கியராஜ் அண்ணன் மட்டைகளைப் பரணில் போட ஏணியே கொண்டுவந்துவிட்டார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

அப்போதுதான் கலியமூர்த்தி மாமா ஞாபகம் வந்தது. என் சொந்தத் தாய்மாமன். சிதம்பரத்திலிருந்து குமராட்சி போகும் வழியில் ரைஸ் மில் வைத்திருக்கிறார். அவித்த நெல்லைக் காயவைக்கிற சிமென்ட் களம் ஒன்று அங்கே உண்டு. கண்ணாடி மாதிரி வழவழவென்று இருக்கும். களமும் கிடைத்து, சிதம்பரத்தில் ஓர் அணியும் பிறந்தால் லீக் பிழைத்துவிடும். பேனரையும் சுருட்டி எடுத்துக்கொண்டு போய்க் கேட்டேன்.

மாமா பேனரை மேலிருந்து கீழ்வரை படித்தார்.

"இன்னாம்மா நித்யா, ஐஸ் ஹாக்கின்னு போட்டிருக்குது. ஐஸ் எங்க?"

"அது பேருக்குத்தான் மாமா."

"பேருக்கா? நான் ஊரக் கூட்டிப்புட்டு, ஐஸு பேருக்குத்தான்னு சொன்னா சிரிக்க மாட்டானுங்க? ஒரு நாளைக்காவது ஐஸக் காட்டு. களமும் உனக்குத்தான், டீமும் நான் எடுத்துக்கறேன். இல்லன்னா வுடு, எனக்கு நெல்லு கெடக்குது."

சரோஜா அத்தை உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். "ஞாயித்துக்கெழம ஒருநாள்தான் களம் காலியா இருக்கும். திங்கக்கெழம காலையில நெல்லு கொட்டணும், ஞாபகம் இருக்கட்டும்!" மில்லுக்கு மாமா முதலாளி. மாமாவுக்கு அத்தை முதலாளி.

கடலூர் துறைமுகத்தில் ஐஸுக்குப் பஞ்சமே இல்லை. படகுகளுக்கு மீன் ஐஸ் போடுகிற கம்பெனியில் ஐஸ் பார் வாங்கி, மெஷினில் விட்டு நொறுக்கி, குட்டியானை லாரியில் ஏற்றினோம். மேலே உமி, அதற்கு மேலே தார்பாய். அந்த வண்டி அதுவரை மீனைத் தவிர வேறெதையும் சுமந்ததில்லை. புதுச்சத்திரத்தில் டீ குடிக்க நிறுத்தினால், எங்கிருந்தோ பூனைகள் வந்து வண்டியைச் சுற்றி உட்கார்ந்துகொண்டன. சிதம்பரம் வரை நாங்கள் போன வழியெல்லாம் ரோட்டில் ஈரக் கோடு.

"ஜாஸ்தி ஒழுகுதே நித்யா," என்றார் ஆரோக்கியராஜ் அண்ணன்.

"கவலப்படாதீங்கண்ணா. அதுக்குத்தான் ரெண்டு மூட்ட கல்லுப்பு எடுத்துட்டு வந்திருக்கேன்."

"உப்பா? எதுக்கு?"

"ஐஸுல உப்புப் போட்டா ஜீரோவுக்குக் கீழ போகும்ணா. காலேஜ்ல நானே செஞ்சு பாத்திருக்கேன். கெமிஸ்ட்ரி."

கெமிஸ்ட்ரி என்றதும் அண்ணன் கையெடுத்துக் கும்பிடாத குறை. மருந்தடித்த ஷூவைத் தவிர வேறு விஞ்ஞானம் அவரும் பார்த்ததில்லை.

களத்துக்குப் போனால் திருவிழாக் கூட்டம். மாமா குமராட்சி முழுக்க ஆட்டோவில் மைக் கட்டி அறிவித்திருக்கிறார். நடவு வேலைக்குப் போகிற பெண்கள், மினிபஸ் டிரைவர்கள், அண்ணாமலை நகர் ஹாஸ்டல் பிள்ளைகள் என்று சுவரின்மேல்கூட ஆள். மாமா பட்டு வேட்டியில் முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஐஸை வாரிக் களத்தின் நடுவில் பரப்பினோம். வெள்ளை வெளேரென்று விரிந்ததும் கூட்டம் "ஓ!" என்றது. சக்கரம் வைத்த ஷூ நொறுக்கு ஐஸில் ஓடுமா என்று யாருமே கேட்கவில்லை. செயலாளரும் கேட்கவில்லை.

ஓரத்தில் லேசாகக் கசிய ஆரம்பித்தது. நான் மைக்கைப் பிடித்தேன்.

"பெரியோர்களே, பனிக்கட்டி உருகுகிறதே என்று யாரும் அஞ்ச வேண்டாம். உப்பைச் சேர்த்தால் அதன் வெப்பநிலை சுழியத்துக்கும் கீழே போகும். இது விஞ்ஞானம்!"

கைதட்டல். விதை விதைக்கிற மாதிரி இரண்டு மூட்டை உப்பையும் களம் முழுக்க வீசினேன். ஆய்வுக்கூடத்திலிருந்து கொண்டுவந்த தெர்மாமீட்டரை ஐஸில் குத்திவைத்துக் குனிந்து பார்த்தேன். பாதரசம் இறங்கியது. "ஜீரோ!" என்று அறிவித்தேன். கைதட்டல். "மைனஸ் மூணு!" விசில். "மைனஸ் ஆறு!" என் குரலே எனக்குப் பெருமையாக இருந்தது. இப்படியே போனால் குமராட்சி காஷ்மீர் ஆகிவிடும் என்று நினைத்தேன். நான் பார்த்ததெல்லாம் தெர்மாமீட்டரைத்தான். தரையைப் பார்க்கவேயில்லை.

உப்புப் பட்ட ஐஸ் குளிரும் என்பது உண்மை. அது உருகித்தான் குளிரும் என்பதும் உண்மை. பாடப்புத்தகத்தில் இரண்டும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. எனக்கு மேல் பாதி மட்டும் மனப்பாடம்.

கால்விரல் விறைத்தபோதுதான் கீழே பார்த்தேன். கணுக்கால் வரை தண்ணீர். அதில் உமியும் மீன் செதிலும் மிதந்தன. மாமா நாற்காலியிலிருந்து மெதுவாக எழுந்தார்.

"ஐஸ் எங்கம்மா?"

"இருக்கு மாமா... தண்ணியா இருக்கு."

மைக்கை நிறுத்த மறந்திருந்தேன். அந்தப் பதில் அக்கம்பக்கத்துக்கெல்லாம் போய்ச் சேர்ந்தது. பூமி பிளந்து என்னை விழுங்காதா என்று இருந்தது. களம் சிமென்ட் என்பதால் அதற்கும் வழியில்லை. ஆரோக்கியராஜ் அண்ணன் மட்டைகளைக் கட்ட ஆரம்பித்துவிட்டார். அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை முட்டியது.

அப்போது அத்தை புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு களத்தில் இறங்கினார்.

"அழுவுறதெல்லாம் அப்பறம் அழுவு! உப்புத்தண்ணியும் கவிச்சியுமா கெடக்குது, நாளைக்கி இதுல எப்பிடி நெல்லு கொட்டுறது? எவன் வூட்டு அரிசி மீன் நாத்தம் அடிக்கணும்? மோட்டாரப் போடு! ஆட்டம் ஆட வந்தவங்கள்லாம் ஆளுக்கொரு பலகைய எடுங்க! கழுவிக் குடுக்காம ஒருத்தரும் வூட்டுக்குப் போவக் கூடாது!"

நெல்லைத் தள்ளுகிற நீளக் காம்புப் பலகைகள் சுவரோரம் சாய்ந்திருந்தன. மோட்டார் போட்டதும் குழாயில் தண்ணீர் பீறிட்டது. தொழில்முறை வீரர்கள் அத்தனை பேரும் சக்கர ஷூவோடு பலகையைப் பிடித்துத் தண்ணீரைத் தள்ளினார்கள். உமி கலந்த ஈரச் சிமென்ட்டில் சக்கரம் நின்றால்தானே! தள்ளப் போனவர் ஒருபக்கம், பலகை ஒருபக்கம். ஹாஸ்டல் பிள்ளைகள் சிரித்துச் சிரித்து, செருப்பைக் கழற்றிவிட்டு அவர்களும் இறங்கினார்கள். வெறுங்காலில் ஓடிவந்து நின்றாலே போதும், களத்தின் அந்த முனைவரை வழுக்கிக்கொண்டே போகலாம்.

யாருடைய பலகையோ அந்தக் கறுப்பு வட்டின்மேல் பட்டது. சிமென்ட்டில் எப்போதும் தட்டுத் தடுமாறிப் போகிற வட்டு, அன்று தண்ணீர்மேல் சர்ரென்று பாய்ந்தது. ஆரோக்கியராஜ் அண்ணன் கட்டிய மட்டைகளை அப்படியே போட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"நித்யா! அங்க மால்ல இப்பிடித்தான் போவும்! இதே சத்தம்!"

என்று கத்திவிட்டு விசிலை ஊதினார். அவ்வளவுதான், ஆட்டம் தொடங்கிவிட்டது. கடலூர் ஒரு பக்கம். அண்ணாமலை நகர் பிள்ளைகளும் மில் ஆட்களும் சேர்ந்து சிதம்பரம் ஒரு பக்கம். பாதிப் பேர் கையில் மட்டை, பாதிப் பேர் கையில் நெல் பலகை. நான் காலி உப்புச் சாக்கைக் காலடியில் விரித்துக்கொண்டு கோலில் நின்றேன், அதுவாவது வழுக்காது என்று. நடவுப் பெண்கள் குலவையிட்டார்கள். கடலூர் கோல் போட்டால் சிதம்பரம் கோல் போட்டது. சமநிலையில் நின்றது ஆட்டம்.

மாமாவால் அதற்குமேல் உட்கார முடியவில்லை. பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு பலகையைப் பிடுங்கிக்கொண்டு இறங்கினார். வட்டு அவர் காலடிக்கே வந்தது. ஓங்கி ஒரு தள்ளு. தள்ளிய வேகத்தில் அவரும் விழுந்து, வட்டுக்குப் பின்னாலேயே மல்லாக்கப் படுத்தபடி என்னை நோக்கி வந்தார். எதைத் தடுப்பது? வட்டைத் தடுத்தால் மாமா உள்ளே, மாமாவைத் தடுத்தால் வட்டு உள்ளே. நான் குழம்பி நின்ற நேரத்தில் இரண்டும் உள்ளே போயின. கோல் வலைக்குள் உமியும் செதிலும் ஒட்டிய முகத்தோடு மாமா இரண்டு கையையும் தூக்கினார். ஊரே எழுந்து ஆடியது. வலைக்குள் தோற்றுப்போய் உட்கார்ந்திருந்த நானும் கைதட்டினேன். வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் எதிலும் தோற்றதில்லை.

ஈரம் சொட்டச் சொட்ட மாமா மைக்கைப் பிடித்தார். "களம் இவுங்களுக்குத்தான்! ஞாயித்துக்கெழமன்னா இங்கதான் ஆட்டம்! டீமு நம்ம டீமு! பேரு, குமராட்சி கல்லுப்பு!"

"கழுவி முடிச்சுட்டுக் கத்துங்க," என்றார் அத்தை.

கழுவினோம். எவர்சில்வர் குடம் அன்று சிதம்பரத்திலேயே தங்கிவிட்டது. திங்கட்கிழமை காலை நெல்லும் கொட்டினார்கள். அரிசியில் வாடை இல்லை என்று அத்தை போன் போட்டுச் சொன்ன பிறகுதான் எனக்குத் தூக்கம் வந்தது.

அதன்பிறகு நாங்கள் வறண்ட தரையில் ஆடவேயில்லை. களத்தை நனைத்து, வெறுங்காலில் வழுக்கி ஆடுவதுதான் எங்கள் லீக்கின் ஆட்டம். சக்கர ஷூவெல்லாம் அண்ணன் வீட்டுப் பரணில் இருக்கிறது, மட்டைகள் கீழே இறங்கிவிட்டன. ரைஸ் மில் இருக்கிற ஊரிலெல்லாம் மைதானம் தயாராக இருக்கிறது என்பது எங்களுக்குப் பிறகுதான் உறைத்தது. பண்ருட்டி வந்தது, விருத்தாசலம் வந்தது, போன மாதம் விழுப்புரமும் சேர்ந்தது. புது அணி சேரும்போது ஒரு சடங்கு உண்டு. களத்தின் நடுவில் ஓர் ஐஸ் பார் வைப்போம். புது முதலாளி அதில் ஒரு கைப்பிடி உப்புப் போடுவார். செயலாளர் தெர்மாமீட்டரைக் குத்தி "மைனஸ்!" என்று கத்த வேண்டும். அதன்பிறகுதான் விசில்.

என் கல்யாணம் சிதம்பரத்தில் நடந்தது. பந்தியில் நானும் மாப்பிள்ளையும் உட்கார்ந்தோம். கலியமூர்த்தி மாமா தானே உப்புக் கிண்ணத்தோடு வந்தார். மாப்பிள்ளை இலையில் வைத்தார். என் இலையைத் தாண்டிப் போய்விட்டார்.

"மாமா, எனக்கு உப்பு?" என்றேன்.

மாமா திரும்பி, பந்தி முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார்: "உனக்கு எதுக்கும்மா? எல இருக்குது, சோறு இருக்குது, மாப்ள இருக்காரு. எல்லாம் உருகாம இருக்கட்டும்."

இன்றுவரை எங்கள் சொந்தத்தில் எந்த விசேஷத்திலும் என் இலையில் உப்பு கிடையாது. பக்கத்து இலையிலிருந்து எடுத்துக்கொள்கிறேன். அதற்காகவே ஒவ்வொரு பந்தியிலும் என் கணவர் உப்பைத் தொடாமல் வைத்திருக்கிறார்.