மண்ணெண்ணெயில் குளித்த டாங்கிள்

நேர்மையாக இருந்து நான் அசிங்கப்பட்ட கதை இது. தொண்ணூறுகளின் பிற்பகுதியில், மைசூரில் இசையமைக்கும் மென்பொருளைக் காசு கொடுத்து வாங்கிய ஒரே பைத்தியக்காரன் நானாகத்தான் இருப்பேன். மற்றவர்கள் ஃப்ளாப்பியில் காப்பி அடித்துக்கொண்டு ஜாலியாக இருந்தார்கள். எனக்கு மட்டும் பெட்டியோடு ஒரு டாங்கிள் கொடுத்தார்கள். தீப்பெட்டி அளவுதான். கம்ப்யூட்டரின் முதுகில், பிரிண்டர் ஒயர் செருகும் இடத்தில் மாட்ட வேண்டும். அது இருந்தால்தான் மென்பொருள் வாயைத் திறக்கும். நான் திருடன் இல்லை என்பதற்கு அதுதான் சாட்சி. அந்தச் சாட்சியோ வாரத்துக்கு இரண்டு முறை பிறழும். (மேஜை லேசாக ஆடினால் போதும், 'சாவி இல்லை' என்று திரையில் வந்துவிடும். கழற்று, ஊது, மாட்டு, மறுபடி ஆன் பண்ணு.)

அப்பா ஆலையில் ஃபிட்டர். நான் செய்வதை அவர் வேலை என்றே ஒப்புக்கொண்டதில்லை. அந்த வருடம் தசரா ஊர்வலத்தில் ஓர் அலங்கார வண்டிக்கு இசை போடும் வாய்ப்பு எனக்குக் கிடைத்ததும்தான் மனிதர் அசைந்தார். ஷிப்டில் எல்லோரிடமும் சொல்லிவிட்டார். ஒருநாள் அறைக்குள் வந்து, "இதுல எதுடா முக்கியமான டூல்?" என்றார். முதல் முறையாகக் கேட்கிறாரே என்ற பூரிப்பில் டாங்கிளைக் காட்டி, "இதுதாம்பா. மத்ததெல்லாம் வெறும் டப்பா" என்றேன். அந்த வாயில் பசை தடவியிருக்க வேண்டும்.

ஆயுத பூஜை அன்று பகல் மூன்று மணிக்குள் கேசட்டைக் கொடுக்க வேண்டும். பாட்டு தயார், கேசட்டில் பதிவதுதான் பாக்கி. எட்டரைக்கு எழுந்து கம்ப்யூட்டரைப் போட்டேன். சாவி இல்லை. பின்னால் எட்டிப் பார்த்தேன். நிஜமாகவே இல்லை!

பூஜை அறையில், அப்பாவின் ஸ்பேனர்களுக்கும் சுத்தியலுக்கும் நடுவில், சந்தனம், குங்குமம், ஒரு சாமந்திப்பூ சகிதம் உட்கார்ந்திருந்தது என் டாங்கிள்.

கையை நீட்டினேன். அம்மா தட்டிவிட்டாள். "பூஜைல வெச்சதை நாளைக்குத்தான் எடுக்கணும். சும்னே கத்தாதே."

"இது பூஜைக்கு வெக்கிற சாமான் இல்லம்மா!"

"நீதானடா டூல்னு சொன்னே?" என்றார் அப்பா. "நல்லா மண்ணெண்ணெய்ல ஊறப்போட்டுக் கழுவியிருக்கேன். திருகாணிக்கெல்லாம் கிரீஸ் வெச்சிருக்கேன். இனிமே ஆடாது பாரு."

எனக்கு அழுகை வந்தது. அவர் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்து அதையும் விழுங்கிக்கொண்டேன்.

அம்மா குளிக்கப் போன நேரம் பார்த்துத் திருடினேன். (காசு கொடுத்து வாங்கிய பொருளை, என் வீட்டிலேயே!) பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தேன், வெயிலில் காயவைத்தேன், மாட்டினேன். சாவி இல்லை. ஊதினேன். சாவி இல்லை. எஸ்டிடி பூத்துக்கு ஓடிப் பெங்களூர் டீலரைப் பிடித்தேன். முழுக்கதையும் கேட்டுவிட்டு அவர் கேட்ட ஒரே கேள்வி: "நிம்மது ஒரிஜினலா சார்?" (உங்களுடையது ஒரிஜினல்தானா என்று!)

பக்கத்துத் தெரு நாகராஜ், திருட்டுக் காப்பி வைத்திருப்பவன், முதல் நாளே சொல்லியிருந்தான்: "என் காப்பி தகோ மாரே. டாங்கிளும் பேடா, கீங்கிளும் பேடா." (என் காப்பியை எடுத்துக்கொள், டாங்கிள் எதுவும் வேண்டாம் என்கிறான்.) அப்போது அவனுக்கு நேர்மையைப் பற்றிக் கால் மணி நேரம் லெக்சர் கொடுத்திருந்தேன். இப்போது வெட்கத்தை விட்டு ஓடினால், வீடு பூட்டிக் கிடந்தது. குடும்பத்தோடு மேல்கோட்டைக்கு பஸ் ஏறிவிட்டான்.

மூன்று மணிக்கு வெறுங்கையோடு போய் நின்றேன். வண்டிக்குப் பொறுப்பான ஆள், "இர்லி பிடி, அட்ஜஸ்ட் மாடோணா" என்றார், இருக்கட்டும், சமாளிப்போம் என்கிற தோரணையில். வேறு கேசட் போடுவார் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்ததும் அப்பா, "ஆச்சா?" என்றார். உங்கள் மண்ணெண்ணெயால்தான் போச்சு என்று எப்படிச் சொல்வது? "ஆச்சுப்பா" என்றேன். நேர்மை அத்தோடு காலி.

மறுநாள் ஊர்வலத்துக்கு அப்பா தன் ஷிப்ட் ஆட்கள் ஒன்பது பேரைக் கூட்டி வந்திருந்தார். வண்டி வந்தது. கேசட்டும் இல்லை, பாட்டும் இல்லை. இழுத்து வந்த டிராக்டரின் சத்தம் மட்டும் டப டப டப டப என்று காதைப் பிளந்தது. எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போல இருந்தது. அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். எல்லாம் புரிந்துவிட்டது அவருக்கு.

அப்போது அவருடைய கூட்டாளி ஒருவர் தலையை ஆட்டி ரசித்தபடி, "தாளம் சூப்பராகிதெ கணய்யா! உன் பையன் போட்டதா?" என்றார்.

"ஆமா, என் பையன்தான்" என்றார் அப்பா, கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

பிற்பாடு எனக்குப் பெண் கொடுத்தவர்கள் ஸ்ரீரங்கப்பட்டணம் பக்கம் கரும்பு விவசாயிகள். நாங்கள் அங்கே போயிருக்கையில் வாசலில் டிராக்டர் போனால் போதும், இந்தக் கதை தெரிந்த மாமியார் உட்பட அத்தனை பேரும், "மாப்ளே, உங்க பாட்டு!" என்று கத்திச் சிரிப்பார்கள். எண்பதை நெருங்கும் அப்பா மட்டும் சிரிப்பதில்லை. கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுச் சொல்வார்: "பேஸ் கொஞ்சம் ஜாஸ்தி."