ஒரு ஆளுக்கு மட்டும்

லிஃப்ட்காரர் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபோது, அவருடைய கட்டிலில் வேறொரு ஆள் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

"யாருடி அது?" என்று மனைவியிடம் கிசுகிசுத்தார்.

"மெதுவாப் பேசுங்க. உங்க சகலைதான். தங்கச்சி, பசங்க எல்லாரும் வந்திருக்காங்க. அவங்க குடியிருந்த கட்டடத்தை இடிச்சுட்டு உயரமாக் கட்டப்போறாங்களாம். ரெண்டு நாளைக்குத்தான்."

"ரெண்டு நாள்ல கட்டிருவாங்களா?"

மனைவி காது கேளாதவள்போல் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

இரண்டே அறை உள்ள வீடு. அவர், மனைவி, இரண்டு மகள்கள் என்று ஏற்கெனவே மூச்சு முட்டிக்கொண்டிருந்த இடம். இப்போது சகலை, அவர் மனைவி, மூன்று பிள்ளைகள். ஒரே ஒரு குளியலறை. அதன் வாசலில் எப்போதும் துண்டும் தோளுமாக மூன்று பேர் நின்றார்கள்.

லிஃப்ட்காரருக்குக் கூட்டம் புதிதல்ல. பெரிய ஆஸ்பத்திரியில் லிஃப்ட் இயக்குவது அவர் வேலை. பன்னிரண்டு பேருக்கு என்று எழுதியிருக்கும். இருபது பேர் ஏறுவார்கள். பகலெல்லாம் யாருடைய முழங்கையாவது அவர் விலாவில் குத்திக்கொண்டே இருக்கும். வீட்டிலாவது கையைக் காலை நீட்டிப் படுக்கலாம் என்றுதான் அந்தக் கட்டிலை ஆசை ஆசையாக வாங்கினார்.

சகலை எழுந்து உட்கார்ந்தார். பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக்கொடுப்பவர். வாயைத் திறந்தால் உலகம் சுற்றாமல் மூட மாட்டார்.

"ஜனத்தொகை பெருகிப்போச்சு, பூமி தாங்காதுன்னு ஊரெல்லாம் புலம்புறாங்களே, எல்லாம் சும்மா, சகலை. பாலைவனம், பனிப்பிரதேசம், மலைன்னு எத்தனை இடம்! பூமி பூரா காலியாத்தான் கிடக்கு."

'அங்கே போய்ப் படுக்கிறதுதானே?' என்ற கேள்வி லிஃப்ட்காரரின் தொண்டைவரை வந்தது. "காலைக் கொஞ்சம் மடக்கிக்குங்க, சகலை" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கட்டில் ஓரத்தில் ஒண்டிக்கொண்டார்.

இரண்டு நாள் இரண்டு வாரமானது. தரையில் படுத்துப் பார்த்தார். சகலையின் கடைக்குட்டி அவர் கழுத்தின்மேல் காலைப் போட்டுக்கொண்டு தூங்கியது. ஒரு மூலையில் கயிறு கட்டிப் போர்வையைத் திரையாகத் தொங்கவிட்டார். மறுநாளே அந்தக் கயிற்றில் கொழுந்தியாள் ஈரத்துணி காயப்போட்டாள். திரைக்குப் பின்னால் பிள்ளைகள் நாடகம் போட்டார்கள். "பெரியப்பா, நீங்கதான் ராட்சசன். எழுந்திருக்காம அப்படியே படுத்திருங்க" என்றான் மூத்தவன். அந்த வேடம் அவருக்குக் கச்சிதமாகப் பொருந்தியது.

கடைசியில் ஒரு யோசனை வந்தது. ஆஸ்பத்திரியில் கெஞ்சிக் கூத்தாடி மாலை ஷிஃப்டுக்கு மாற்றிக்கொண்டார். காலையில் எல்லோரும் பள்ளிக்கூடம், வேலை என்று கிளம்பிவிடுவார்கள். கட்டில் காலி, வீடு காலி.

அதே வாரம் சகலை சிரித்துக்கொண்டே வந்தார். "பிள்ளைங்க கூட்டம் தாங்கலை, சகலை. பள்ளிக்கூடத்தையே ரெண்டு வேளையாப் பிரிச்சுட்டாங்க. எனக்கும் நம்ம பசங்களுக்கும் மத்தியானத்துக்கு மேலதான் பள்ளிக்கூடம். இனிமே காலையெல்லாம் உங்ககூடத்தான்!"

அன்று முதல் ஒரே கட்டிலில் ஒருவர் தலைமாட்டிலும் மற்றவர் கால்மாட்டிலுமாகப் படுத்தார்கள். சகலையின் குதிகால் வெடிப்பு ஒவ்வொன்றும் லிஃப்ட்காரருக்கு மனப்பாடமாயிற்று.

மாலை ஷிஃப்டில்தான் பிணங்களைக் கீழே பிணவறைக்கு இறக்குவார்கள். ஸ்ட்ரெச்சரோடு ஊழியர் ஒருவர் ஏறுவார். வேறு ஒரு ஈ எறும்புகூட ஏறாது. வாசலில் காத்திருக்கும் கூட்டம் தானாகவே ஒதுங்கிக்கொள்ளும். அந்த ஒரு பயணத்தில்தான் லிஃப்ட்காரர் முதுகை நிமிர்த்தி நின்று முழுதாக மூச்சு விட்டார். வெள்ளைத் துணிக்குள் நீட்டிப் படுத்திருந்தவரைப் பார்த்தபோது அவருக்குப் பயம் வரவில்லை. பொறாமைதான் வந்தது.

மறுநாள் காலை அவர் கல்லறைத் தோட்டத்து அலுவலகத்தில் நின்றார்.

"ஒரு இடம் வேணும்."

"தவறினது யாரு?" என்று நிமிராமலே கேட்டார் குமாஸ்தா.

"யாரும் தவறலை. எனக்குத்தான்."

குமாஸ்தா நிமிர்ந்து அவரை மேலும் கீழும் பார்த்தார். "உடம்புக்கு ஏதாவது…?"

"நல்லாத்தான் இருக்கேன்."

"குடும்பத்துக்கா, தனியாவா?"

"ஒரு ஆளுக்கு மட்டும்" என்றார் லிஃப்ட்காரர். அதைச் சொல்லும்போதே வாய் இனித்தது.

மதிலோரம், ஒரு மரத்தடியில், கல் எதுவும் நடாத புல்தரை. சேமிப்பையெல்லாம் வழித்துக் கொடுத்து அதை வாங்கினார். மறுநாள் முதல் மடக்கு நாற்காலியும் கையுமாகப் போய் அங்கே உட்கார்ந்தார். யாரும் இடிக்கவில்லை. யாரும் 'தள்ளு' என்று சொல்லவில்லை. சில சமயம் புல்லின்மேலேயே மல்லாந்து படுத்து, ஒருநாள் நிரந்தரமாகப் படுக்கப்போகிற இடத்தின் நீள அகலத்தை உடம்பால் சரிபார்த்துக்கொண்டார்.

வீட்டில் சும்மா இருப்பார்களா? வேலையில்லாத நேரத்தில் மனுஷன் நாற்காலியோடு எங்கே போகிறார்? "எவளோ ஒருத்தி இருக்கா. அவ வீட்டுல நாற்காலிகூட இல்ல போல" என்றாள் கொழுந்தியாள். மனைவி ஒருநாள் பின்னாலேயே வந்துவிட்டாள்.

கல்லறைகளுக்கு நடுவில் கண்ணை மூடிப் புன்னகையோடு படுத்திருந்த கணவரைப் பார்த்து அவள் போட்ட சத்தத்தில் மரத்துக் காக்கைகள் பறந்துபோயின.

"சாகப்போறீங்களா? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம சாகப்போறீங்களா?"

"இல்லடி! சும்மா இருக்கத்தான் வர்றேன். இது நான் வாங்கின இடம்."

அவள் மூக்கைச் சிந்திவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். வெகுநேரம் சுற்றிலும் பார்த்தாள். அந்த அமைதி அவளுக்கும் பிடித்துவிட்டது என்பது முகத்திலேயே தெரிந்தது. பிறகு கேட்டாள்:

"எனக்கு எது?"

லிஃப்ட்காரர் எழுந்து உட்கார்ந்து செருப்பைத் தேடினார்.

"ஒருத்தருக்குத்தான் வாங்கினீங்களா?"

இருபத்தைந்து வருஷமாக அவர் வேலைக்குக் கிளம்பும்முன் எழுந்து, அவர் தூங்கியபின் தூங்கியவள். அந்த வீட்டில் அவளுக்கென்று ஒரு மூலை இருந்ததா என்று அவர் அதுவரை யோசித்ததே இல்லை. அவள் எழுந்து, சேலையில் ஒட்டிய புல்லைத் தட்டிவிட்டு, திரும்பிப் பாராமல் நடந்தாள். அதன்பிறகு நாலைந்து நாள் சாப்பாட்டுத் தட்டுதான் அவரோடு பேசியது. 'டங்' என்று.

சமாதானப்படுத்துவதாக நினைத்து, "நீயும் தினம் வந்து உட்காரு" என்றார். அவள் வந்தாள். தங்கையையும் கூட்டி வந்தாள். தங்கையோடு பிள்ளைகள் வந்தன. பிள்ளைகளைத் தேடிச் சகலை வந்தார், திருத்த வேண்டிய பரீட்சைத் தாள்களோடு. நாற்காலியும் அவருக்கே போயிற்று.

"பார்த்தீங்களா, சகலை? நான் சொன்னேன்ல, பூமியில இடம் இருக்குன்னு!"

லிஃப்ட்காரர் பல்லைக் கடித்தார். 'இந்த ஆள் ஒழிஞ்சாத்தான் எனக்கு நிம்மதி' என்று மனசுக்குள் ஒரே ஒருமுறை நினைத்தார். அதை எந்தச் சாமியோ காதில் வாங்கிக்கொண்டது.

அடுத்த வாரம் ஒரு சாயங்காலம், சகலை குளியலறை வரிசையில் நின்றபடியே மார்பைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். ஆஸ்பத்திரியில் கொழுந்தியாளும் ஊழியரும் அவரை ஸ்ட்ரெச்சரில் வைத்து லிஃப்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்தபோது, உள்ளே நின்றிருந்தது லிஃப்ட்காரர்தான். ஏற்கெனவே கூட்டம் நெரிந்தது. கூட்டத்தைப் பிளந்து ஸ்ட்ரெச்சரை உள்ளே இழுத்தார். பாரம் தாங்காமல் மணி அலறியது. கதவு மூடவில்லை.

"யாராவது இறங்குங்க! உயிர் போகுதுய்யா!"

"என் பொண்ணுக்குப் பிரசவம். நான் எப்படி இறங்குறது?"

"நான் முதல்லயே ஏறிட்டேன்."

"கடைசியா ஏறினது ஸ்ட்ரெச்சர்தானே? நியாயமாப் பார்த்தா அதைத்தான் இறக்கணும்."

லிஃப்ட்காரர் ஒருவரின் சட்டையைப் பிடித்து இழுத்தார். அவர் திருப்பித் தள்ளினார். மணி அலறிக்கொண்டே இருந்தது. சகலை வேர்த்த முகத்தோடு ஏதோ சொல்ல முயன்றார். வேறு வழி தோன்றாமல் லிஃப்ட்காரரே வெளியே குதித்தார். மணி நின்றது. கதவு மூடிக்கொண்டது.

அவர் படிக்கட்டில் ஓடினார். இதயப் பிரிவு இருந்த ஆறாவது மாடிக்கு மூச்சிரைக்க வந்து சேர்ந்தபோது கொழுந்தியாள் சுவரில் சாய்ந்து நின்றாள். அவள் அழவில்லை.

"லிஃப்டுக்குள்ளேயே போயிட்டார், மாமா."

"ஏதாவது சொன்னாரா?"

"'சகலையை ஏன் இறக்கிவிட்டீங்க'ன்னு கேட்டார். அவ்வளவுதான்."

லிஃப்ட்காரர் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

கல்லறைத் தோட்டத்துக் குமாஸ்தா கையை விரித்தார். "ஒரு முழம் மண்ணுகூட இல்லீங்க. முன்னாடியே சொல்லிவெச்சவங்களுக்கே இடமில்லாம திண்டாடுறோம். வேற ஊர்ல பாருங்க."

கொழுந்தியாள் யாரையும் பார்க்கவில்லை. பிள்ளைகள் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றன. லிஃப்ட்காரர் மனைவியைப் பார்த்தார்.

"என் இடம் இருக்கு. அதுல வைங்க" என்றார்.

மனைவி அத்தனை பேர் முன்னாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் அப்படிச் செய்ததில்லை.

மரத்தடியில், வயதான ஒரு தொழிலாளி முழங்கால் ஆழத்துக்குத் தோண்டியிருந்தார். லிஃப்ட்காரர் குழியின் ஓரத்தில் போய் நின்றார். கண்ணீர் தாரை தாரையாக வழிந்தது.

"நல்லா அகலமா வெட்டுங்க, பெரியவரே. உயிரோட இருந்தவரைக்கும் அந்த மனுஷனுக்குக் காலை நீட்ட ஒரு இடம் கிடைக்கலை. நானும் கொடுக்கலை. இனிமேலாவது யார் தொந்தரவும் இல்லாம தனியா இருக்கட்டும்."

"தனியாவா?" மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு பெரியவர் அவரை நிமிர்ந்து பார்த்தார். "கீழே ஏற்கெனவே நாலு பேர் இருக்காங்களே, ஐயா. எல்லாரும் உங்களை மாதிரியே, 'எனக்கு மட்டும்'னு சொல்லி வாங்கினவங்கதான்."