வசனம் இல்லாத நாடகம்

"மந்திரியே, நம் நாட்டில்... நாட்டில்..."

மன்னன் வேடத்துக் கபிலனுக்கு அதற்குமேல் வரவில்லை.

"மாரி பொய்த்தது ஏன்?" என்று, திரையாகத் தொங்கிய தறப்பாளுக்குப் பின்னாலிருந்து ஒரு மெல்லிய குரல் எடுத்துக்கொடுத்தது.

"ஆரது? ஒருத்தரும் சொல்லிக்குடுக்கக்கூடாது எண்டு சொன்னனானெல்லே!"

சிவலட்சுமி ரீச்சர் எழுந்துபோய்த் தறப்பாளை விலக்கினார். உடைந்த மேசை இரண்டும் சுவரும்தான் இருந்தன. நடிக்கிற பிள்ளைகள் மூன்று பேரும் அவர் கண்முன்னே மேடையில் நின்றார்கள்.

மன்னாரில் அடம்பன் பக்கத்துப் பள்ளிக்கூடம் அது. போருக்குப் பின் ஊர் மீள்குடியேறி ஒன்பது மாதம். பிள்ளைகள் நாற்பத்தொரு பேர்.

"நாடகப் போட்டிக்குப் போகாட்டி, இயங்காத பள்ளிக்கூடம் எண்டு மூடிப்போடுவினம், ரீச்சர்," என்று அதிபர் அமிர்தநாயகம் சொல்லியிருந்தார்.

மன்னன் நாடகம் பழசு. அதை மனப்பாடமாக அறிந்த யாரோ ஒளிந்திருந்து விளையாடுகிறார்கள் என்று ரீச்சர் நாடகத்தை மாற்றினார். சிலாவத்துறையில் படிப்பிக்கும் தோழி பரீனா, தானே புதிதாக எழுதிய மீன்சந்தைச் சண்டை நாடகத்தை அனுப்பினாள். குரலுக்கு அதுவும் தெரிந்திருந்தது. போதாக்குறைக்கு, பிரதியில் இல்லாத பதிலடி ஒன்றையும் சேர்த்துவிட்டது. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"உங்களுக்குப் பயமில்லையே?"

"என்னத்துக்கு, ரீச்சர்?" என்றாள் யதுர்சிகா. "அது ஒருநாளும் பிழையாச் சொல்லாது. நாங்கள் பாடமாக்கவும் தேவையில்லை."

அன்றோடு பாடமாக்குவதை மூவரும் விட்டுவிட்டார்கள்.

ரீச்சர் தானே ஒரு நாடகம் எழுதினார். காடாகிப்போன வீட்டு வளவுக்குத் திரும்பும் குடும்பம் ஒன்று, தன் கிணற்றைத் தேடுகிறது. எவருக்கும் காட்டவில்லை. முடிவு மனதில் மட்டும் இருந்தது. ஒத்திகையில், எழுதிய பகுதியை மட்டும் வாசித்துவிட்டு, "மிச்சம் நாளைக்கு" என்றார்.

குரல் மிச்சத்தையும் சொல்லி முடித்தது.

ரீச்சருக்குப் பயத்துக்குள்ளும் ஒரு பொறாமை: முடிவு, அவர் நினைத்து வைத்ததைவிட நன்றாக இருந்தது.

போட்டிக்கு மூன்றே நாள்.

"இனி ஒரு வசனமும் வேண்டாம். இதே கதையை ஊமை நாடகமாப் போடுவம். முகமும் கையுமே போதும்."

"அப்ப அது என்ன செய்யும், ரீச்சர்?" விதுசன் பாவப்பட்டான்.

"அதுக்கு இனி இஞ்ச வேலையில்லை!"

அவர் சொன்னபடியே ஆயிற்று. மூன்று நாளும் தறப்பாளுக்குப் பின்னால் மூச்சுச் சத்தம்கூட இல்லை. ரீச்சர் நிம்மதியாகச் சோறு தின்றார்.

மன்னார் மண்டபத்தில் மூன்று பிள்ளைகளும் வாய் திறக்காமல் காடு வெட்டினார்கள்; கிணற்றைக் கண்டார்கள்; எட்டிப் பார்த்தார்கள். சபையில் பெண்கள் விம்மி விம்மி அழுதார்கள். பக்கத் திரைக்குள் நின்ற ரீச்சருக்குப் பெருமை தாளவில்லை. ஒரு சொல்கூட இல்லாமல் இத்தனை கண்ணீர்!

முதற் பரிசு. கேடயத்தைக் கையில் கொடுத்த நடுவர் பஸ்ரியன், கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒரேயொரு குறை என்று தொடங்கினார்.

"வசனம் முழுக்கக் கிணத்தடியில நிண்ட அந்தப் பிள்ளைக்கே குடுத்துப்போட்டீங்கள், ரீச்சர். மற்ற மூண்டு பேரும் வாயே திறக்கேல்லையே!"