முற்றத்தில் நிற்கும் அதிபர்

டௌலியூ,
எட்டாம் மாதம், வளர்பிறை ஐந்தாம் நாள்

அன்பும் மரியாதையும் நிறைந்த அக்காவுக்கு,

தம்பி ஜின்டெங் பணிந்து எழுதிக்கொள்வது. நீயும் அத்தானும் நலமாக இருப்பீர்கள் என்று நானே முடிவுசெய்துகொண்டு மேலே போகிறேன். விசாரித்தால் உன் முழங்காலைப் பற்றி இரண்டு பக்கம் பதில் வரும். இங்கே நானும் உன் தம்பி பெண்டாட்டி மெய்ஜூவும் சௌக்கியம். எனக்கு இரத்த அழுத்தம் கொஞ்சம், அவளுக்குக் கோபம் கொஞ்சம், இரண்டும் அளவோடுதான் இருக்கின்றன.

விஷயத்துக்கு வருகிறேன். இந்த வருஷம் நிலா விழாவுக்கு நீங்கள் ஹுவாலியனிலிருந்து இங்கே வர வேண்டாம். ஐந்து வருஷம் கழித்து அத்தானே வாய்விட்டு வருகிறேன் என்று சொன்ன நேரத்தில் இப்படி எழுதுகிறேனே என்று கோபப்படாதே. வீட்டுக்கு வெள்ளையடிக்கிறோம் என்று முதலில் எழுதினேன், எனக்கே பிடிக்காமல் கிழித்தேன். மெய்ஜூவுக்கு அம்மை போட்டிருக்கிறது என்று எழுதினேன், அதை அவள் படித்துவிட்டுக் கிழித்தாள். ஆகவே உண்மையையே எழுதுகிறேன். நம் வீட்டு முற்றத்தில் பழைய அதிபர் நிற்கிறார். படம் இல்லை, முழு உருவம், தொப்பியும் கைத்தடியுமாக.

அவர் எப்படி இங்கே வந்தார் என்றால், எங்கள் பள்ளிக்குப் புதிதாக வந்த தலைமையாசிரியை பெங், முகப்பில் நிற்கும் இவர் சிலையை எடுப்பதா வைப்பதா என்று ஒரு கூட்டம் போட்டாள். இருபத்தெட்டு வருஷம் அங்கே ஒழுங்கு ஆசிரியராக இருந்தவன் என்பதால் என்னையும் கூப்பிட்டாள். வேர்க்கடலை மிட்டாய்க்காகத்தான் போனேன் என்று மெய்ஜூ சொல்லுவாள், பாதி உண்மை. சரித்திரம் நடத்தும் இளம் வாத்தியார் ஒருவர் எழுந்து, இந்த மனுஷர் சீனாவில் போரில் தோற்று, மிச்சமிருந்த படையோடு கடல் தாண்டி நம் தீவுக்கு வந்தவர், நெருக்கடி தீரும்வரை என்று சொல்லி ராணுவச் சட்டம் போட்டார், நெருக்கடி தீர முப்பத்தெட்டு வருஷம் ஆனது, அதற்குள் அவரே போய்ச் சேர்ந்துவிட்டார், சட்டம் மட்டும் போகவில்லை, அவரைப் பிள்ளைகள் தினமும் பார்த்துக்கொண்டு வர வேண்டுமா என்று கேட்டார். பாதிப் பேர் கை தட்டினார்கள். அப்போது பின்வரிசையிலிருந்து பெரியவர் யுவான் எழுந்தார். உனக்கு நினைவிருக்கும், பள்ளி வாசலில் கோதுமை ரொட்டி சுட்டு விற்ற பழைய சிப்பாய். எண்பத்தொன்பது வயது. மைக்கைத் தள்ளிவிட்டுப் பேசினார்.

"எனக்குப் பத்தொன்பது வயசு. அஞ்சு வருஷத்துல ஊருக்குக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லித்தான் என்னைக் கப்பல்ல ஏத்தினாரு. எங்க அம்மா கிட்டகூடச் சொல்லிக்கல. இப்ப இவரையும் எடுத்துட்டா, நான் யாரைப் போய்க் கேக்கறது?"

அவர் சிலையைப் புகழ்ந்தாரா, திட்டினாரா என்று யாருக்கும் புரியவில்லை. எடுக்கச் சொன்னவர்களும் தலைகுனிந்தார்கள், வைக்கச் சொன்னவர்களும் குனிந்தார்கள். அந்த அமைதி எனக்குத் தாங்கவில்லை அக்கா, உனக்குத் தெரியுமே, சபையில் யாரும் பேசாமல் இருந்தால் என் வாய் சும்மா இருக்காது. வடக்கே இந்த மாதிரிச் சிலைகளையெல்லாம் கொண்டுபோய் வைக்கிற பூங்காவுக்கு அனுப்புகிறவரைக்கும், உடைக்காமல், சாயம் ஊற்றாமல், பத்திரமான ஓர் இடத்தில் வைக்கலாமே என்று பொதுவாகச் சொன்னேன். எல்லாரும் கை தட்டினார்கள். வீட்டுக்கு வந்து தேநீர் போடுவதற்குள் தலைமையாசிரியை தொலைபேசியில், "ஐயா, உங்க நல்ல மனசுக்கு நன்றி, வியாழக்கிழமை கொண்டுவரோம்" என்றாள். கூட்டக் குறிப்பில் 'லியாவ் ஐயா வீட்டு முற்றம்' என்று எழுதிவிட்டார்களாம்.

வியாழக்கிழமை பெரிய கிரேன் வந்தது, மூன்று தெருவை அடைத்துக்கொண்டு. வெண்கலச் சிலை ஆயிற்றே, இரண்டு டன்னாவது இருக்கும் என்று நானே அவர்களுக்குச் சொல்லியிருந்தேன். பிள்ளைகளுக்கும் அப்படித்தான் இருபத்தெட்டு வருஷம் சொன்னேன். பீடத்திலிருந்து அறுத்ததும் கிரேன் ஒரு இழு இழுத்தது, அதிபர் பட்டம் மாதிரி மேலே போய்விட்டார். கண்ணாடியிழை அக்கா. மேலே வெண்கல நிறச் சாயம், உள்ளே காலி. காலி என்றும் சொல்ல முடியாது, குளவிக் கூடு இருந்தது. அரை நூற்றாண்டாக அமைதியாக இருந்த குளவிகள் கால்சட்டை வழியாக வெளியே வந்தன. இளம் வாத்தியாருக்குக் காதில் ஒன்று, தலைமையாசிரியைக்குக் கையில் ஒன்று, எனக்கு எங்கே என்று எழுத முடியாத இடத்தில் இரண்டு. பிறகு இரண்டே ஆட்கள் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, வாழைத்தார் தூக்குவதுபோல அவரைத் தூக்கிச் சின்ன லாரியில் படுக்கவைத்தார்கள். மேலே தார்ப்பாய் போட்டுக் கட்டினார்கள். பாய் நீளம் போதாமல் பாதம் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. சந்தைத் தெருவில் போகும்போது காய்கறி விற்கும் பெண்கள் எழுந்து நின்று கை கூப்பினார்கள். ஒருத்தி என்னைப் பார்த்து, "யாருங்க, பெரியப்பாவா?" என்று துக்கமாகக் கேட்டாள். ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன்.

லாரியை ஓட்டியது யார் என்று நான் ஏறி உட்கார்ந்த பிறகுதான் பார்த்தேன். காங் ஆஷூய். என் பழைய மாணவன், இப்போது அவனுக்கே அறுபது ஆகப்போகிறது. பள்ளியில் அரசு மொழியை விட்டுவிட்டு நம் வீட்டுப் பேச்சைப் பேசினால் 'நான் ஊர்ப்பேச்சுப் பேசமாட்டேன்' என்று எழுதிய பலகையைக் கழுத்தில் மாட்டுவோமே, அதை அவன் மாட்டிக்கொண்டு நின்ற நாட்கள் மாட்டாத நாட்களைவிட அதிகம். வழியெல்லாம் வீட்டுப் பேச்சிலேயே மரியாதையாகப் பேசிக்கொண்டு வந்தான். எனக்குச் சங்கடமாக இருந்தது. பின்னால் படுத்திருப்பவரைக் காட்டி, அந்தக் காலத்தில் இவருக்குப் பயந்து எல்லாரும் என்னென்னவோ செய்தோம் அப்பா என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். அவன் கோபப்படவில்லை. கியரை மாற்றிக்கொண்டே சொன்னான்.

"சார், இவருக்கு என் பேருகூடத் தெரியாது. பேரு எழுதினது நீங்க."

அப்புறம் வெள்ளரிக்காய் விலையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டான். இறக்கிவைத்துவிட்டு, நான் கொடுத்த தேநீரைக் குடித்துவிட்டு, வணங்கிவிட்டுப் போனான். எங்கேயோ தோற்று ஓடிவந்த ஒரு மனுஷர் எப்படி இத்தனை பேரை இத்தனை வருஷம் ஆண்டார் என்று பெரிய பெரிய புத்தகம் எழுதுகிறார்கள். நான் ஒரு புத்தகமும் எழுத வேண்டாம். அவர் ஒரு நாளும் டௌலியூ பள்ளிக்கு வந்ததில்லை. வணக்கம் வைக்காதவன் யார், எந்தப் பையன் எந்த மொழியில் சிரித்தான் என்றெல்லாம் நோட்டில் எழுத அங்கே நான் இருந்தேன், ஊருக்கு ஊர் என்னைப்போல ஒருவன் இருந்தான், அவ்வளவுதான் விஷயம்.

சரி, வீட்டுக் கதைக்கு வருகிறேன். முதலில் வீட்டைப் பார்த்து நிறுத்தினோம். நேராகச் சமையலறை ஜன்னலுக்குள் பார்த்துச் சிரித்தார். மெய்ஜூ, அந்த ஆள் பார்த்துக்கொண்டிருக்கும்போது என்னால் மீன் பொரிக்க முடியாது என்று இரண்டு நாள் நூடுல்ஸ் வாங்கிவரச் சொன்னாள். தெருவைப் பார்த்துத் திருப்பினேன். உடனே ஒரு தேர்தல் வேட்பாளர் மாலையோடு வந்து படம் எடுத்துக்கொண்டார், மத்தியானம் எதிர்க்கட்சி வேட்பாளர் அதே இடத்தில் நின்று கண்டித்துப் படம் எடுத்துக்கொண்டார், இரண்டு படத்திலும் பின்னால் நம் கொடியில் காயும் என் பனியன். எதிர்வீட்டுக்காரன், எதற்கும் இருக்கட்டும் என்று ஆரஞ்சும் ஊதுபத்தியும் வைத்து லாட்டரி எண் கேட்டுவிட்டுப் போனான். பொறுக்கமுடியாமல் சுவரைப் பார்த்துத் திருப்பிவைத்தேன். சாயங்காலம் பெரியவர் யுவான் தடியூன்றிக்கொண்டு வந்தார். வெகுநேரம் பார்த்துவிட்டு, "வாத்தியாரே, இது நீ பசங்களுக்குக் குடுக்கற தண்டனையில்ல?" என்றார். ஆமாம், முகத்தைச் சுவருக்குத் திருப்பி நிற்கவைப்பது என் பழக்கம். அவர் சிரித்தாரா, வருத்தப்பட்டாரா என்று இதிலும் தெரியவில்லை. ஒரு ரொட்டியைச் சிலையின் காலடியில் வைத்தார், இன்னொன்றை எனக்குக் கொடுத்தார்.

இதுவரைக்கும் சிரிக்கிற மாதிரி எழுதிவிட்டேன். இனி எழுதப்போவதை நீ அத்தானுக்கு வாசித்துக் காட்டாதே.

நேற்று உள்ளூர்ச் செய்தித்தாளில் சிலையைப் பற்றி அரைப்பக்கம் வந்திருக்கிறது. பள்ளி அலமாரியில் கிடந்த பழைய திறப்புவிழாப் படத்தையும் போட்டிருக்கிறார்கள். அதில் ரிப்பன் வெட்டும் கத்தரிக்கோல் தட்டை ஏந்திக்கொண்டு, மார்பை நிமிர்த்திக்கொண்டு நிற்கும் இளம் ஆசிரியன் நான்தான். கீழே தேதியும் போட்டிருக்கிறது. பத்தாம் மாதம் முப்பத்தொன்று, அதிபரின் பிறந்த நாள். அக்கா, அந்தத் தேதி உனக்கு வேறு எதற்காக நினைவிருக்கும் என்று எனக்குத் தெரியும். நாலு பேர் கூடிப் புத்தகம் படித்ததற்காகப் பத்து வருஷம் உள்ளே இருந்துவிட்டு அத்தான் இங்கே ரயிலில் வந்து இறங்கிய நாள். நீ பெண்ணைக் கையில் பிடித்துக்கொண்டு தனியாக நிலையத்தில் நின்றாய். அவளுக்கு அப்பா முகமே தெரியாது. வந்து நிற்க ஒரு தம்பி இருந்தான், அவனுக்குக் காய்ச்சல்.

எனக்குக் காய்ச்சல் இல்லை. அதற்கு முந்தின வாரம் பள்ளியில் என்னைக் கூப்பிட்டு, உன் மைத்துனர் வெளியே வருகிறாராமே, தட்டை நீதான் ஏந்தவேண்டும் என்றார்கள். நீ யார் பக்கம் என்று காட்டு என்பதுதான் அதற்கு அர்த்தம் என்று எனக்குப் புரிந்தது. நிலையத்துக்கும் பள்ளிக்கும் நடுவே பத்து நிமிஷ நடைதான். பேண்டு வாத்தியம் நின்ற ஒரு நொடியில் ரயில் ஊதியது எனக்குக் கேட்டது. தட்டைக் கீழே வைக்கவில்லை. நாற்பத்தேழு வருஷமாக நீ ஒவ்வொரு தடவையும் "அன்னிக்கு உனக்கு உடம்பு சரியில்லையே" என்று நீயே எடுத்துக்கொடுப்பாய், நானும் ஆமாம் என்பேன். பயத்தில் போகவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம்தான். ஆனால் படத்தைப் பார்த்தால் பயந்தவன் முகமாகத் தெரியவில்லை, அதுதான் என்னால் தாங்கமுடியவில்லை. மூஞ்சியில் பெருமை வழிகிறது.

அந்தச் சிலை நிற்கிற முற்றத்தில் அத்தானை எப்படிக் கூட்டிவந்து உட்காரவைத்து நிலா பார்க்கச் சொல்வேன், நீயே சொல். பூங்காவுக்குப் போகும் வண்டி விழா முடிந்த மறுவாரம்தான் கிடைக்கும் என்கிறார்கள். ஆகையால் இந்த விழாவுக்கு வேண்டாம். குளிர்காலம் வந்ததும் நானே நேரில் வந்து அழைக்கிறேன். பம்பளிமாசு ஒரு பெட்டியும் தாமரை விதை வைத்த நிலா அப்பமும் தபாலில் வரும். அத்தானுக்குச் சர்க்கரை அளவைப் பார்த்துக் கொடு. வானத்தில் உள்ளவர்களும் நம் முன்னோர்களும் உங்கள் இருவரையும் நூறு வருஷம் நல்ல பல்லோடு வைத்திருக்கட்டும். பெண்ணுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு.

இப்படிக்கு,
என்றும் உன் தம்பி,
லியாவ் ஜின்டெங்

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது தொலைபேசி அடித்தது. அத்தான். நீ சந்தைக்குப் போயிருக்கிறாயாம். உங்கள் பெண் அந்தச் செய்தித்தாள் படத்தைக் கைப்பேசியில் அனுப்பியிருக்கிறாள், பெரிதாக்கிப் பார்த்திருக்கிறார். "மச்சான், அப்ப உனக்கு எவ்வளவு முடி" என்றார். நான் காய்ச்சலைப் பற்றி ஆரம்பித்தேன். "தெரியும். நிலையத்துல எறங்கினப்பவே பேண்டு சத்தம் கேட்டுச்சு. யாரு எங்க இருப்பாங்கன்னு தெரியாதா" என்றார். பிறகு சிலை இன்னும் அங்கேதானே இருக்கிறது என்று கேட்டார். வண்டி வரப்போகிறது, கொஞ்சம் தாமதம், அதனால்தான் நீங்கள், என்று நான் உளறினேன். அவர் குறுக்கே பேசினார்.

"எங்கயும் அனுப்பிடாதே. உள்ள இருந்தப்ப பத்து வருஷம், தினமும் காலையில அவரு படத்து முன்னாடி நிக்க வச்சாங்க. இப்ப அவரு நிக்கட்டும். நான் எதிர்ல நாற்காலி போட்டு உக்காந்துக்கறேன். முதுகு சாயற மாதிரி நாற்காலியாப் பாத்து வை."

ஆகையால் மேலே எழுதியது எதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளாதே, வாருங்கள். காலை ரயிலிலேயே வாருங்கள், நான் நிலையத்தில் இருப்பேன். காய்ச்சலைப் பற்றி எழுதியதை இன்னொரு தடவை வாயால் சொல்ல எனக்கு வராது, அதனால் கிழிக்காமல் அனுப்புகிறேன். சிலையைச் சுவரிலிருந்து முன்பக்கம் திருப்பி, எதிரில் மூங்கில் நாற்காலி ஒன்று அத்தானுக்கு, ஒன்று உனக்குப் போட்டிருக்கிறேன். பக்கத்தில் எனக்கும் ஒன்று போட்டுக்கொள்ளலாமா என்று அத்தானிடம் கேட்டுச் சொல்.