கவிஞரை விசாரித்த எஸ்.ஐ.

திருமலைக்கு வரும் அத்தனை கூட்டத்தையும் ஒரே பகலில் வரிசையாக நிறுத்தி, "எதுக்கு வந்தீங்க, இன்னா வேண்டுதல்?" என்று விசாரித்து, பாதிப் பேரைப் பொய் சொன்னதாக ஒத்துக்கொள்ள வைக்கக்கூடிய ஆள் இந்தப் பூமியில் ஒருத்திதான். எங்கள் ஹாஸ்டல் எஸ்.ஐ.

அவள் போலீஸ் இல்லை. என்னோடு திருப்பதியில் எம்.ஏ. தமிழ் படித்தவள். ஊர் வரதய்யபாளையம். சொந்தப் பெயர் வார்டனுக்கே மறந்துவிட்டது. மெஸ்ஸில் சாம்பார் ஊற்றினால், "இதுல பருப்பு எப்ப வந்துது, எப்ப போச்சு?" என்று கரண்டியைப் பிடித்துக்கொள்வாள். தலைவலி என்று யாராவது வகுப்புக்கு மட்டம் போட்டால், எந்தப் பக்கம் வலி என்று கேட்டுவிட்டுப் போவாள். கொஞ்ச நேரம் கழித்து வந்து மறுபடி கேட்பாள். பக்கம் மாறியிருந்தால் கேஸ் முடிந்தது.

இவளிடம் ஒரு கவிதை மாட்டியது.

கடைசி செமஸ்டரில் நாங்கள் ஆளுக்கொரு கவிதையை ஆராய்ந்து கருத்தரங்கில் கட்டுரை வாசிக்க வேண்டும். அது நன்றாக அமைந்தால்தான் பிஎச்.டி.க்குத் துறைத்தலைவர் கையெழுத்துப் போடுவார். எனக்கு அந்த இடம் வேண்டும். என் நைனா நகரியில் பவர்லூம் ஓட்டுகிறவர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் போன முதல் ஆள் நான். உள்ளே போனவள் கடைசி வாசல்வரை பார்க்காமல் திரும்புவதாக இல்லை.

என் கவிதையை எழுதியவர் குளிர் தேசத்துக்கு அகதியாகப் போனவர். ஊரின் மழைவாசனை, அம்மாவின் குழம்பு, நாக்கில் காய்ந்துபோகும் தாய்மொழி என்று உருக்கியிருந்தார். நான் படித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். எஸ்.ஐ. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"அம்மா கொழம்புன்றாரே, இன்னா கொழம்பு?"

"அதெல்லாம் கவிதையில சொல்ல மாட்டாங்கடி."

"கருவாட்டுக் கொழம்பா, புளிக் கொழம்பா? பேரு மறந்துட்டாரு. மறந்துட்டு, நெனப்பு இருக்கறாப்புல நடிக்கறாரு."

"அவரு அகதிடி! பாவம்டி!"

"பாவந்தான். யாரு இல்லன்னாங்க? ஆனா ஊர்ல எல்லாருமே நல்லவங்கன்றாரு பாரு, அங்கதான் மாட்டிக்கினாரு. புடிக்காத ஆளு ஒருத்தன்கூட இல்லாத ஊரு எங்கனா கீதா? எங்க ஊர்ல எனக்கே நாலு பேர் கீறாங்க."

சிரித்தேன். பிறகு யோசித்தேன். ஊரை இழந்தவனின் நினைவு அந்த ஊரின் கசப்பையெல்லாம் கழுவிவிடுகிறது. இழப்பு எத்தனை பெரியது என்பதற்கு அதுவே சாட்சி என்று கட்டுரையில் சேர்த்துக்கொண்டேன்.

"அது என்னுது," என்றாள்.

"அடிக்குறிப்புல உன் பேரு போடறேன்."

"எஸ்.ஐ.ன்னு போட்டுத் தொலைக்காத."

கம்ப்யூட்டரில் அடித்தால் மனிதர் எழுதியதா, மெஷின் எழுதியதா என்று தெரிவதில்லை. கையால்தான் எழுதி வர வேண்டும் என்பது துறைத்தலைவரின் உத்தரவு. யார் கை என்று அவர் சொல்லவில்லை. என் கையெழுத்தை மறுநாள் என்னாலேயே படிக்க முடியாது. எஸ்.ஐ.யின் எழுத்தோ முத்து முத்தாக இருக்கும். நான் சொல்லச் சொல்ல அவள் வேகமாக எழுதினாள்.

கருத்தரங்குக்குச் சென்னையிலிருந்து ஒரு பேராசிரியை மதிப்பெண் போட வந்திருந்தார். நான் ஒரு இடத்தில்கூடத் தடுமாறாமல் வாசித்து முடித்தேன். கைதட்டினார்கள். "கட்டுரையைக் கொடும்மா," என்று பேராசிரியை கை நீட்டினார். கொடுத்தேன். ஒரு பக்கம் புரட்டினார். இன்னொரு பக்கம் புரட்டினார். தாளைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார்.

"என்னம்மா இது, தெலுங்குல இருக்கு?"

அப்போதுதான் நானும் பார்த்தேன். சொன்னதெல்லாம் தமிழ். எழுத்து மட்டும் தெலுங்கு! நாங்கள் இருவரும் ஆந்திர எல்லைத் தமிழர்கள், படித்தது தெலுங்கு மீடியம். தமிழ் வீட்டில் பேசியது. தமிழ் எழுத்து வெகுநாள் கழித்துக் கற்றது. யாராவது வேகமாகச் சொன்னால் எஸ்.ஐ.யின் கை தானாகப் பழைய எழுத்துக்குத் தாவிவிடும். எழுதியவளும் அதைக் கவனிக்கவில்லை. மேடையில் நின்று முழுவதும் வாசித்த நானும் கவனிக்கவில்லை.

"தமிழ்த் துறையில தெலுங்கு எழுத்துல கட்டுரையா? இதை ஏத்துக்க முடியாது," என்றார் துறைத்தலைவர். என் பிஎச்.டி. ஏழு மலையும் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

பின்வரிசையில் எஸ்.ஐ. எழுந்தாள்.

"மேடம், எழுதனது நானு. ஆனா அது தமிழ்தான். எந்த எடத்துல வேணா வெரல் வெய்ங்க."

பேராசிரியை விரல் வைத்தார். எஸ்.ஐ. வந்து வாசித்தாள். வேறொரு பக்கத்தில் வைத்தார். வாசித்தாள். சற்று முன் நான் வாசித்த அதே வரிகள். மொழி காய்ந்துபோகும் இடம் வந்ததும் நிறுத்திவிட்டாள்.

"இங்க எனக்கு ஒரு சந்தேகம் மேடம். இவரு ஊர வுட்டுப் போனாரு, பாஷ காயுதுன்றாரு. சரி. நாங்க எங்கியும் போகல. தாத்தா உழுத அதே கழனிலதான் கீறோம். ஸ்கூலு மட்டும் வேற பாஷைல வந்துது. வீட்ல சண்ட போடறது தமிழ்ல, கணக்கு போடறது தெலுங்குல. எங்களுக்கு இன்னா காஞ்சிது, இன்னா காயல? அத யாரு எழுதறது?"

துறைத்தலைவர் மின்விசிறியைப் பார்த்தார். பேராசிரியை என்னைப் பார்த்தார்.

"நீ எழுதுறியா?"

"எழுதறேன் மேடம்."

"தமிழ் எழுத்துல?"

"ஐயோ, ஆமா மேடம்!"

அவர் சிரித்துவிட்டார். "சாயங்காலத்துக்குள்ள இதை மாத்தி எழுதிக் கொடு. மார்க் போடறேன்."

எஸ்.ஐ. வாசிக்க, நான் எழுதினேன். வரிக்கு வரி நிறுத்தி, "இது நீ சொன்னதா, நான் சொன்னதா?" என்று அவள் விசாரித்ததில் ஒரு மணி நேர வேலை பொழுது சாயும்வரை இழுத்தது.

இடம் கிடைத்தது. அவள் கேட்ட கேள்விதான் இப்போது என் ஆய்வுத் தலைப்பு. எஸ்.ஐ. சத்தியவேடு பக்கம் ஒரு கம்பெனியில் குவாலிட்டி செக்கிங்கில் இருக்கிறாள். அங்கே தயாராகும் சாமான்களை நினைத்தால் எனக்குப் பாவமாக இருக்கிறது.

போன வாரம் முதல் அத்தியாயத்தை அவளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். குரலில் பதில் வந்தது: "ஏமே, நெறைய சந்தேகம் கீது. ஞாயித்துக்கெழம வர்றேன்."

அனுப்பிய பிறகு எனக்கே சில தப்புகள் கண்ணில் பட்டன. திருத்தவில்லை. அவ்வளவு தூரம் பஸ் பிடித்து வருகிறவள் வெறுங்கையோடு திரும்பக் கூடாதல்லவா?