ஈரோஸின் இடது கன்னம்

அத்தை துப்பியது நேராக ஈரோஸின் இடது கன்னத்தில் போய் விழுந்தது.

தவறு லெஃப்தேரிஸ் மேல்தான். மாதத்தின் முதல் ஞாயிறு, நுழைவுச்சீட்டு வேண்டாம் என்று லிம்னோஸ் தீவிலிருந்து வந்திருந்த மாமியாரைத் தான் காவல் பார்க்கும் அருங்காட்சியகத்துக்கு அழைத்து வந்தது அவன். கிரேக்கக் காதல் தேவன் ஈரோஸைக் குழந்தையாகச் செதுக்கிய ரோமானியர் காலத்துச் சலவைக்கல் சிலையின் முன்னால் நிறுத்தி, எவ்வளவு அழகு பாருங்கள் என்று சொன்னதும் அவன். அழகான குழந்தையைக் கண்டால் கண் படாமலிருக்க மூன்று முறை துப்ப வேண்டும். எவாந்தியா அத்தையின் தீவில் இது சட்டம். மற்றவர்கள் இப்போதெல்லாம் சத்தத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அத்தைக்கு முன்பல் இரண்டு இல்லாததால் சத்தத்தோடு சரக்கும் சேர்ந்து வந்தது.

"என்ன அத்தை, இப்படிப் பண்ணிட்டீங்க?"

"பின்னே? வாயைத் திறந்து அழகுன்னு சொன்னது நீங்கதானே மாப்பிள்ளை. கண்ணு பட்டா யாரு பொறுப்பு?"

"அது கல்லு அத்தை."

"கல்லா இருந்தா என்ன? பக்கத்துல நிக்கிறதையெல்லாம் பாருங்க. ஒண்ணுக்குத் தலையில்ல, ஒண்ணுக்குக் கையில்ல. எல்லாம் ஊர்க்கண்ணு பட்டதுதான்."

லெஃப்தேரிஸின் கவலையெல்லாம், தன் தற்காலிக வேலை இந்த மாதத்தோடு முடிகிறது, நீட்டிப்பதா வேண்டாமா என்று இயக்குநர் கலிரோயி அம்மாள் நாளை சொல்லப்போகிறார் என்பதுதான். மனைவி வேறு நிறைமாதம். சிலையைப் போலவே கையைத் தூக்கிக்கொண்டு படம் எடுப்பவர்களைக்கூட அதட்டி விரட்டச் சொல்பவர் அந்த அம்மாள். அதிலும் ஈரோஸ் அவருக்குச் செல்லப்பிள்ளை. நெடுங்காலப் புகை படிந்து கறுத்துப்போன அதை, ஃபோத்தினி என்ற நிபுணர் வேலை நாட்களில் திரை கட்டிக்கொண்டு, யாரையும் அண்டவிடாமல் சுத்தம் செய்துவந்தார். திரைக்குள் போகும்போதெல்லாம் கை நிறையத் தண்ணீர் பாட்டில் கொண்டுபோவார். முகத்தில் வலது பாதி மட்டும்தான் இதுவரை வெளுத்திருந்தது.

லெஃப்தேரிஸ் கைக்குட்டையை எடுத்து, தடுப்புக் கயிற்றைத் தாண்டி எட்டித் துடைத்தான். அபாயமணி அலறியது.

ஓடிப்போய் மணியை நிறுத்திவிட்டு வந்தால், சத்தம் கேட்டு ஒரு பிரெஞ்சுச் சுற்றுலாக் கூட்டம் உள்ளே வந்து நின்றுகொண்டிருந்தது. காவல்காரன் கையில் கைக்குட்டை, பக்கத்தில் கறுப்புடை உடுத்திய அத்தை சிலுவைக்குறி இட்டுக்கொண்டிருக்கிறாள். என்ன சடங்கு இது என்று ஒருவர் பயபக்தியோடு கேட்டார். உண்மையைச் சொல்ல லெஃப்தேரிஸுக்கு நாக்கு எழவில்லை. அழகான குழந்தைகளுக்கு இப்படித் திருஷ்டி கழிப்பது எங்கள் பழைய வழக்கம் என்று அரைகுறை பிரெஞ்சில் சொல்லிவைத்தான். துப்பும் விஷயத்தை மட்டும் சாமர்த்தியமாக விட்டுவிட்டான்.

அத்தைக்குப் பிரெஞ்சு தெரியாது, ஆனால் உதவும் மனம் உண்டு. எப்படிக் கழிப்பது என்று செய்தே காட்டினாள்.

கூட்டம் நெகிழ்ந்துபோனது. வரிசை கட்டி நின்றார்கள். இயக்குநர் உள்ளே நுழைந்தபோது, ஓய்வுபெற்ற பல் மருத்துவர் ஒருவர் சிலையை நோக்கிக் குறி பார்த்துக்கொண்டிருந்தார்.

"லெஃப்தேரிஸ்." அம்மாள் குரலை உயர்த்தவில்லை. அவன் கைக்குட்டையை முதுகுக்குப் பின்னால் மறைத்தான்.

"மேடம், இது வந்து... என் மாமியார்."

"இவங்க எல்லாருமா?"

நாளை வரை காத்திருக்க வேண்டியதில்லை, சீருடையை இன்று மாலையே ஒப்படைத்துவிடலாம் என்றார் அம்மாள். நன்றாகத்தானே செய்தேன் என்று அத்தை முணுமுணுத்தாள். வீட்டுக்குப் போய் மனைவியிடம் எந்த முகத்தோடு சொல்வது என்று லெஃப்தேரிஸ் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். சேதம் எவ்வளவு என்று பார்க்க ஃபோத்தினிக்கு ஆள் போனது.

ஃபோத்தினி வந்து, மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, கன்னத்தை வெகுநேரம் உற்றுப் பார்த்தார். கைக்குட்டை பட்ட இடம் மட்டும் பளிச்சென்று வெளுத்திருந்தது. அவர் பையிலிருந்து பஞ்சு சுற்றிய குச்சி ஒன்றை எடுத்தார். அதைத் தன் வாயில் வைத்து நனைத்து, ஈரோஸின் மூக்கோரம் மெல்லத் தேய்த்தார். கறுப்பு பஞ்சோடு வந்தது.

"இந்த அழுக்குக்கு எச்சில்தான் மேடம் மருந்து, மாசக்கணக்கா ஒத்த ஆளாத் துப்பித் துப்பி எனக்கு வாயே வறண்டுபோச்சு, அந்த அத்தையை நாளைக்கும் வரச் சொல்லுங்க."