செர்ரிப் பூ நடுவே மிட்டாய்

கூண்டுப் பறவையைக் கண்டாலே கை பரபரத்து, அதைப் பூத்துக் குலுங்கும் கிளையில் உட்காரவைத்து வரைந்தே தீருவேன் என்று கிளம்பும் ஓர் இனம் நம்மிடையே பெருகி வருகிறது என்பதைக் கனத்த நெஞ்சோடு தெரிவித்துக்கொள்கிறேன். உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். யூடியூபில் பாடம் கற்றிருப்பார். நகக்கண்ணில் ரோஸ் கலர் ஒட்டியிருக்கும்.

கோவில்பதாகை என்னும் ஊரில் இந்த இனத்தின் தலைமகன் செங்கல்வராயன். ராணுவத் தொழிற்சாலையில் வாழ்நாளெல்லாம் வண்டிகளுக்குப் பச்சை பெயின்ட் அடித்துவிட்டு ஓய்வு பெற்றவர். பச்சையைப் பார்த்துப் பார்த்துப் புண்ணாகிப்போன அந்த உள்ளம், மிச்ச காலத்துக்காவது ரோஸ் கலரில் வாழ ஏங்கியது தவறா?

முதலில் தாள் முழுக்கப் பூ. ஜப்பானில் பூக்கும் செர்ரிப் பூ. அப்புறம் எங்கே இடம் மிஞ்சுகிறதோ அங்கே பறவை. இடம் நீளமாக மிஞ்சினால் வால் நீளும். குறுகலாக மிஞ்சினால் கழுத்து ஒடுங்கும். பறவை என்ன, புகாரா கொடுக்கப்போகிறது?

"எதிர்ல புங்கமரம் பூத்துக் கொட்டுது. அதை வரையக் கூடாதா?" என்று கேட்டாள் மனைவி வசந்தகுமாரி.

"அதுல இலை இருக்கே வசந்தி. பச்சையா."

நாற்காலியில் உதிர்ந்து கிடந்த புங்கம்பூவைத் தட்டிவிட்டு உட்கார்ந்து, போனில் செர்ரிப் பூ தேடினார்.

எதிர்வீட்டு ஜுபைதாவிடம் ஒரு ஜோடி லவ் பேர்ட்ஸ் இருந்தது. பச்சை நிறத்தில் மிட்டாய். மஞ்சள் நிறத்தில் ஜிலேபி. செங்கல்வராயன் மிட்டாயை வரைந்து, சட்டம் போட்டு, அவரே போய் அவள் வீட்டுச் சுவரில் ஆணியடித்து மாட்டிவிட்டு வந்தார். ரோஸ் மார்பு, ஊதா வால், தலையில் எங்கிருந்தோ ஒரு கொண்டை. பூந்தமல்லியிலிருந்து வந்த ஜுபைதாவின் நாத்தனார் வெகுநேரம் பார்த்துவிட்டு, "மீனு அழகா இருக்கு" என்றாள்.

அப்புறம் வந்தது அந்தக் கொடிய காலை. கூண்டைக் கழுவும்போது மிட்டாய் பறந்துவிட்டது. ஜிலேபி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டது, தினையைத் தொடவில்லை. ஜுபைதாவும் சோற்றைத் தொடவில்லை.

"காக்கா கண்ணுல பட்டா கொத்தியே போட்டுடும்ணே" என்று அழுதவள், போனிலிருந்த மிட்டாயின் போட்டோவை நீட்டினாள். "இதைப் போட்டு நோட்டீஸ் அடிக்கலாமா?"

செங்கல்வராயன் அதை ஒதுக்கினார். "போட்டோவுல உடம்புதாம்மா தெரியும். உள்ளம் தெரியுமா? என் படத்தைப் போடறேன்."

துக்கத்தில் இருப்பவர்களுக்கு வாதாடத் தெம்பு ஏது? அன்றே அண்ணனூர் ஸ்டேஷன் வரை ஒவ்வொரு கம்பத்திலும் செர்ரிப் பூ பூத்தது. அடியில் செங்கல்வராயனின் போன் நம்பர்.

அழைப்புகள் குவிந்தன. அயனம்பாக்கம் ஏரியில் மீன்கொத்தியைப் பார்த்ததாக ஒருவர். மயில்தானே, எங்கள் மொட்டை மாடியில் நிற்கிறது என்று ஒருவர். சாயம் போட்ட கோழிக்குஞ்சைப் பையில் போட்டுக்கொண்டு நேரிலேயே வந்துவிட்டார் இன்னொருவர்.

மறுநாள் ஆட்டோக்கார தேவா வந்து இறங்கினான். கையில் கர்ச்சீப்பில் பொதிந்த ஒரு பச்சைக் குருவி.

"அண்ணாத்தே, ஸ்டேஷனாண்ட நம்ம வண்டி மேல வந்து குந்திகினு எறங்கவே மாட்டேன்னுது. உங்களுதா பாரு."

செங்கல்வராயன் கண்ணாடியை மாட்டினார். படத்தைப் பார்த்தார், பறவையைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார்.

"இது இல்லப்பா. கொண்டை எங்கே?"

"எனக்கு இன்னா தெரியும்? வரும்போதே இல்ல."

"மார்பு ரோஸா இருக்கணும். இது ஒரே பச்சை." அந்த வார்த்தையைச் சொல்லும்போதே அவர் முகம் சுளித்தார்.

"அப்ப இத்த மரத்துல உட்டுட்டு சவாரிக்குப் போறேன்."

மின்கம்பியில் இரண்டு காக்கைகள் நெருங்கி உட்கார்ந்தன. தேவா புங்கமரத்தடிக்குப் போய்க் கர்ச்சீப்பின் முடிச்சில் கை வைத்தான்.

அப்போதுதான் எதிர்வீட்டிலிருந்து கீச்சென்று ஒரு குரல் காற்றைக் கிழித்துக்கொண்டு வந்தது. சுவரைப் பார்த்திருந்த ஜிலேபியின் குரல். கர்ச்சீப்புக்குள்ளிருந்து பதில் வந்தது. செருப்புகூடப் போடாமல் ஓடிவந்த ஜுபைதா, தேவாவின் கையோடு சேர்த்து மிட்டாயைப் பற்றிக்கொண்டாள்.

"யம்மா, கைய உடு. குருவி நசுங்குது" என்றான் தேவா.

"என்னண்ணே, உங்களுக்கு அடையாளம் தெரியலையா?"

செங்கல்வராயன் தளரவில்லை. பறவையை ஏற இறங்கப் பார்த்து உச்சுக்கொட்டினார்.

"எப்படித் தெரியும்? வெயில்ல அலைஞ்சு கலரே போயிடுச்சே."

"அது பொறந்ததிலேர்ந்து பச்சைதாண்ணே."

"நீ தினமும் பார்க்கறவ, உனக்கு வித்தியாசம் தெரியாது. கவலைப்படாதே. என் படத்தைக் கூண்டுக்கு நேரா மாட்டி வை. பார்த்துப் பார்த்துப் பழையபடி தேறிடும்."

வசந்தகுமாரி தேவாவுக்குக் காபி போட உள்ளே போனாள்.

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். சிரித்த கையோடு, வாட்ஸ்அப்பில் உங்கள் முகம் என்று வைத்திருக்கிறீர்களே, அந்தப் படத்தைச் சற்றுப் பாருங்கள். நரையைக் கறுப்பாக்கி, தாடையைச் செதுக்கி, கன்னத்தை வழவழப்பாக்கி, பின்னால் ஒரு பூந்தோட்டமும் ஒட்டியது நீங்கள்தானே? நாளைக்கே அண்ணனூர் ஸ்டேஷனில் நீங்கள் வழி தெரியாமல் நிற்கும்போது, அந்தப் படத்தைக் கையில் பிடித்தபடி தேடிவரும் உங்கள் மைத்துனர் உங்கள் முன்னாலேயே வந்து நின்று, "சார், இவரை இந்தப் பக்கம் எங்கயாவது பார்த்தீங்களா?" என்று கேட்டுவிட்டு, அடுத்த பிளாட்பாரத்துக்குப் போய்விடுவார்.